படிக்கமும் கடப்பா கல்லும்

நாசிக் வந்து ஏழு வருஷம் ஆச்சு, பாலம், குடோன், அபார்ட்மெண்ட்னு எல்லாம் கட்டியாச்சு, ஆனா போன வருஷம் கையில வந்த வேலை மாதிரி எதுவும் என்னைய படுத்தினது இல்ல. கங்காபூர் டேம் பக்கம் ஒரு சின்ன வைனரி, அஞ்சு ஏக்கர் திராட்சைத் தோட்டம், அதுல வர்றவங்க உக்காந்து ஒயினை டேஸ்ட் பண்ணிப் பாக்க ஒரு ரூம் வேணும், அவ்வளவுதான். ஓனர் மராத்தி விவசாயி, நான் பாஊன்னு கூப்பிடுவேன். அவர் சொன்னது ஒரே வரி. "ஹோட்டல் மாதிரி இருக்கக்கூடாது, எங்க தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டாய் மாதிரி இருக்கணும்."

நமக்கு மாட்டுக்கொட்டாய் தெரியும், திராட்சையும் தெரியும். நான் கம்பம் பள்ளத்தாக்கு ஆளு, கல்லுக்கால் நட்டு கம்பி கட்டி பந்தல் போட்ட பன்னீர் திராட்சைக்கு அடியிலதான் வளந்தேன் (2023ல அதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்ப இங்க சைட்ல எல்லாருக்கும் பேடா வாங்கிக் குடுத்தேன், யாருக்கும் எதுக்குன்னு புரியல). ஆனா இங்க ஒயின் திராட்சை வேற ஜாதி. பந்தல்ல ஏத்த மாட்டாங்க, வரிசையா வேலி மாதிரி நிறுத்தி வச்சிருப்பாங்க, பழம் சின்னது, தோல் தடிமன், கொட்டை ஜாஸ்தி. செனின் பிளாங், ஷிராஸ்னு பேரு. மழை முடிஞ்சதும் கவாத்து வெட்டி, ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள அறுவடை. அந்த மூணு மாசம்தான் ஆட்கள் வர்ற சீசனும், அதனால டிசம்பருக்குள்ள ரூம் ரெடியாகணும்னு நெருக்கினாங்க.

இந்த ஊர்ல டேஸ்டிங் ரூம்ங்கிறதே புதுசு. சுலா வைனரி முதல் ஒயினை வெளியிட்டது 2000ல, டேஸ்டிங் ரூம் திறந்தது 2005ல. அதுக்கப்புறம் கட்டினவங்க நிறைய பேரு பெருசா கண்ணாடியும் ஸ்டீலுமா கட்டிட்டாங்க, பாஊவுக்கு அந்தக் காசும் இல்ல, அந்த ஆசையும் இல்ல.

சுவர்ல பிரச்சனை இல்ல. தக்காணத்துல இந்தப் பக்கம் பூமி முழுக்க எரிமலைக் குழம்பு ஆறி வந்த கருங்கல்தான், தோட்டத்துல கிணறு வெட்டினப்ப எடுத்த கல்லே ஒரு குவியல் கிடந்துச்சு, அதையே ஒண்ணரை அடி தடிமனுக்கு சுண்ணாம்பு வச்சுக் கட்டினோம். உள் பக்கம் மேல பாதி சுண்ணாம்புப் பூச்சு. மிஸ்திரி அறுபது வயசு ஆளு, என்னைய அண்ணான்னு கூப்பிடுவாரு (வடக்க தமிழனைப் பாத்தா எந்த வயசுக்காரனும் அண்ணாதான்). "அண்ணா, குள் வேணும், ஹிர்டா வேணும்"னாரு. குள்னா வெல்லம், ஹிர்டா என்னன்னு பாத்தா நம்ம கடுக்காய்! எங்க ஊர்ல பழைய வீடு கட்டினவங்க கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியிலதான் சுண்ணாம்பைக் குழைப்பாங்கன்னு தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், அதையே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் வேற பாஷையில சொல்றாரு. நாலு நாள் ஊற வச்சோம், டிரம்ல இருந்து கள்ளுக்கடை வாடை வந்துச்சு, ஒயின் போடுற இடத்துல அதுவும் பொருத்தம்தான்னு சிரிச்சுக்கிட்டோம்.

பஞ்சவடி பக்கம் பழைய வாடா வீடு (நடுவுல முற்றம் வச்ச மராத்தி வீடு) ஒண்ணு இடிச்சாங்க, அதுல இருந்து தேக்கு உத்தரம் எட்டு வாங்கினோம், மேல மங்களூர் ஓடு. மேற்குப் பக்கம் டேம் தெரியும், சூரியன் அங்கதான் விழும், பாஊவுக்கு அந்தப் பக்கம் முழுக்க கண்ணாடி வேணும்னு ஆசை. ஏப்ரல்ல இங்க நாப்பது டிகிரி தொடும், சாயங்கால வெயில் நேரா பாட்டில் மேல அடிச்சா ஒயின் என்னத்துக்கு ஆகும்? ரெண்டு நாள் வாக்குவாதம். கடைசியில எட்டடி அகலத்துல வராண்டா இழுத்து, அதுக்குப் பின்னால ஜன்னல் வச்சோம், வியூ பாக்கணும்னா கிளாஸை எடுத்துக்கிட்டு வெளிய வந்து உக்காருங்கன்னு.

இதுவரைக்கும் எனக்கு ரொம்பப் பெருமை. டிசம்பர் ஆரம்பத்துல ரூமைப் பாத்தா நானே அசந்துட்டேன். கல் சுவர், தேக்கு, தொங்குற ஃபிலமென்ட் பல்பு, டேபிளுக்கு பழைய ஓக் பீப்பாய், கவுண்டர் மேல பளபளன்னு கருப்பா கடப்பா கல்லு. ஃபோட்டோ எடுத்து வீட்டு குரூப்ல போட்டு எல்லாரும் ஹார்ட்டு விட்டாங்க.

அப்புறம்தான் ஒயின் மேக்கர் மேடம் வந்தாங்க. கதவைத் திறந்து உள்ள ஒரு அடி வச்சாங்க, நின்னாங்க. சுவரைப் பாக்கல, உத்தரத்தைப் பாக்கல. மூக்கை லேசா தூக்கி, "வார்னிஷ்"ன்னாங்க.

ஒரு கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி என் கையில குடுத்து மோந்து பாக்கச் சொன்னாங்க. அந்த கிளாஸே ஒரு அளவுல செய்யறது, வயிறு பெருத்து வாய் குறுகி துலிப் பூ மாதிரி, மொத்தம் 215 மில்லி பிடிக்கும் ஆனா ஊத்துறது 50 மில்லிதான், மிச்ச இடம் பூரா வாசனை தேங்கி நிக்கறதுக்கு. நான் மோந்தேன். ஒயின் வாசனை வருது, அது கூடவே மூணு நாளைக்கு முன்னாடி டேபிளுக்கு அடிச்ச மெலமைன் பாலீஷும் வருது. ஒரு தடவை தெரிஞ்சதுக்கப்புறம் அது மட்டும்தான் தெரியுது. பத்தாததுக்கு பூஜை போட்ட ஊதுபத்தி, தரை துடைச்ச ஃபினாயில், கதவுல தொங்கின சாமந்தி மாலை. நாங்க அழகுக்குன்னும் சுத்தத்துக்குன்னும் செஞ்ச ஒவ்வொண்ணும் அந்த கிளாஸுக்குள்ள போய் உக்காந்திருக்கு.

டேபிள் மேல்பாகத்தை எல்லாம் எமரி போட்டுத் தேச்சு வெறும் மரமா விட்டோம். கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டு பதினஞ்சு நாள். ஊதுபத்தி இப்ப வெளிய வராண்டா பிள்ளையாருக்கு மட்டும், தரைக்கு வெறும் தண்ணி.

அடுத்து பல்பு. அந்த ஃபிலமென்ட் மஞ்சள் வெளிச்சத்துல வெள்ளை ஒயினும் நெய் கலர், பழசும் புதுசும் ஒண்ணு மாதிரி இருக்கு. ஒயினை முதல்ல கலர் பாக்கணுமாம், சாய்ச்சு வச்சு ஓரத்துல எப்படி மங்குதுன்னு பாப்பாங்க. அதனால கவுண்டருக்கு மேல மூணு லைட்டை மட்டும் மஞ்சள் அடிக்காத 4000 கெல்வின் வெள்ளை எல்இடிக்கு மாத்தி, கீழ வெள்ளைத் துணி ஒண்ணு. மத்த இடத்துல மஞ்சள் பல்பு அப்படியே இருக்கு, இன்ஸ்டாகிராமுக்கு வேணும்ல.

இதுக்கெல்லாம் மேல கடப்பா கல்லு கதை. அதை செலக்ட் பண்ணது நான், அதனால யாரையும் திட்டவும் முடியாது. எங்கம்மா கிச்சன்ல முப்பது வருஷமா கடப்பா மேடைதான், ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். முதல் வாரமே கவுண்டர் பூரா வட்ட வட்டமா வெளுத்த தடம். கறை இல்ல, துடைச்சா போகாது, விரலை வச்சா சொரசொரங்குது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, ஒயின் புளிப்பு, பிஹெச் மூணு நாலுதான் இருக்கும், கிளாஸ் அடியில வழிஞ்ச சொட்டு கல்லையே தின்னுருச்சு. அம்மாவுக்கு ஃபோன் போட்டா, "ஆமா, புளி கரைச்ச இடம், எலுமிச்சம்பழம் அறுத்த இடமெல்லாம் எப்பவோ வெளுத்துப்போச்சு, நீ எப்ப கிச்சன் பக்கம் வந்த பாக்கறதுக்கு?"ங்கறாங்க. சிவில் எஞ்சினியரிங் படிச்ச பையனுக்கு இது தேவைதான். பேத்து எடுத்துட்டு லெதர் ஃபினிஷ் கிரானைட் போட்டோம், பளபளப்பு இல்லாததால பாஊவுக்கும் பிடிச்சிருச்சு. யாராவது பார் கவுண்டர், கிச்சன் மேடை எதுவா இருந்தாலும் கல்லு வாங்கப் போனா ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு போங்க, துண்டுக் கல்லுல நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, மங்கியிருந்தா வேற கடை.

பீப்பாய் ஏப்ரல்ல கைய விட்டுச்சு. 225 லிட்டர் பிரெஞ்சு ஓக், ஒயின் ஊற வச்சு வச்சு மரத்துல சாரம் போனதுக்கப்புறம் வைனரியில ஒதுக்கி வச்சிருந்தாங்க. அதுல ஆணியும் கிடையாது பசையும் கிடையாது, பலகைகளை இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருக்கும், உள்ள ஒயின் இருக்கற வரைக்கும் மரம் ஊறி உப்பி நிக்கும். காலியா போட்டு வெயில் காலம் வந்தா? ஒரு நாள் வெள்ளன வந்து கதவைத் திறந்தா, ஒரு பீப்பாய் வளையமெல்லாம் கீழ வழுக்கி, பலகை பூ மாதிரி விரிஞ்சு கிடக்கு, மேல வச்சிருந்த வட்டப் பலகை தரையில. நல்லவேளை ஆள் யாரும் உக்காந்திருக்கல. மிச்ச அஞ்சுக்கும் ஒவ்வொரு வளையத்துல இருந்தும் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஸ்க்ரூ. எண்ணிப் பாத்தேன், ஒரு பீப்பாய்க்கே நூறைத் தாண்டுது.

கடைசியா படிக்கம். டேஸ்ட் பண்றவங்க முழுங்க மாட்டாங்க, வாயில சுத்திட்டு துப்பணும், அதுக்கு ஒரு பாத்திரம் வேணும்னாங்க மேடம். எங்க ஆச்சி வெத்தலை போட்டுத் துப்பற பித்தளைப் படிக்கம் ஊர்ல பரண் மேல கிடந்துச்சு, இடுப்பு ஒடுங்கி வாய் விரிஞ்சு அவ்வளவு அழகு, பஸ்ல பார்சல் போட்டு வரவழைச்சேன். ரூமுக்கு அப்படி ஒரு பொருத்தம். பத்து நாள்ல உள்ள பச்சை பிடிச்சு, பக்கத்துல போனாலே பித்தளை வாடை. எடுத்துட்டு எவர்சில்வர் வச்சாச்சு. படிக்கத்தைப் புளி போட்டுத் தேச்சு ஜன்னல்ல வச்சேன், வர்றவங்க கார்க்கை அதுல போட்டுட்டுப் போறாங்க.

ஆனா ஒண்ணு, இந்த சீசன் பூரா பாத்துட்டேன், அந்த எவர்சில்வர்ல ஒருத்தரும் துப்பின பாடில்ல. காசு குடுத்து வாங்கினதை எவன் துப்புவான்னு பாஊ கேக்குறாரு. மேடம் மட்டும்தான் துப்புறாங்க.