பேக்லோஃபென் சோதனை ஊசியும் அதற்கான குறியீடுகளும்

பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் அமெரிக்க மருத்துவமனைகளின் நரம்பியல் மற்றும் வலி சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வரும் சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளுக்கு, கோடிங் செய்வதும் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுவதும்), இளையவர்கள் முடித்த சார்ட்டுகளை ஆடிட் செய்வதும் என் வேலை. கடுமையான ஸ்பாஸ்டிசிட்டி எனும் தசை இறுக்கம் உள்ளவர்களுக்குத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தப்படும் பேக்லோஃபென் என்ற தசை தளர்த்தும் மருந்தின் சோதனை ஊசி எங்களிடம் அரிதாகவே வரும். அரிதாக வருவதாலேயே புதியவர்கள் அதை முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் போல நினைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சார்ட் தவறிப்போனால் மருத்துவமனைக்கு வரவேண்டிய பணம் நிற்பதோடு நோயாளிக்கு மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் பொருத்துவதும் தள்ளிப்போகக்கூடும் என்பதால், இதைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஸ்பாஸ்டிசிட்டி எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் அறிந்தது சார்ட்டுகளில் அல்ல. என் சித்தி மகளுக்குப் பெருமூளை வாதம். கால்கள் இரண்டும் கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக்கொள்ளும். உடை மாற்ற வேண்டுமென்றால் சித்தி தன் முழங்கையைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, அவசரப்படாமல், இறுக்கம் தானாகத் தளரும்வரை பேசிக்கொண்டே காத்திருப்பார். வேகமாக விலக்கினால் தசை இன்னும் கெட்டியாகிவிடும். இழுக்கும் வேகத்துக்கேற்ப இறுக்கம் கூடுவதுதான் ஸ்பாஸ்டிசிட்டியின் அடையாளம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதைச் சித்தி யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான கோட்டூர்புரம் வித்யாசாகரிலோ கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ சிறிது நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பேக்லோஃபெனை மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்தில் கலந்து, அதில் சிறு பங்கே தண்டுவடத்தைச் சென்றடைகிறது. அளவைக் கூட்டினால் தூக்கக் கலக்கமும் தளர்ச்சியும் வந்துவிடுகின்றன. இந்தச் சிக்கலுக்கு விடையாக, மருந்தை நேரடியாகத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் முறையை 1984-இல் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி க்ரோய்ன் இருவரும் வெளியிட்டார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தண்டுவடக் காரணங்களால் வரும் ஸ்பாஸ்டிசிட்டிக்கு 1992-இலும், மூளைக் காரணங்களால் வருவதற்கு 1996-இலும் இதை ஏற்றுக்கொண்டது. மாத்திரையில் ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை போகும் மருந்து, இவ்வழியில் மைக்ரோகிராம் கணக்கில் போதுமானதாகிவிடுகிறது.

வயிற்றுப் பகுதியில் பம்ப் பொருத்துவதற்கு முன் அந்த உடல் மருந்துக்கு இசைகிறதா என்று பார்ப்பதே சோதனை ஊசி. முதல் நாள் 50 மைக்ரோகிராம் மருந்தை இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு ஏற்றுவார்கள். பிறகு 4 முதல் 8 மணி நேரம் கண்காணிப்பு. இறுக்கம் போதிய அளவு குறையவில்லையென்றால் 24 மணி நேரம் கழித்து 75, அதற்கும் இசையவில்லையென்றால் மறுபடி 24 மணி நேரம் கழித்து 100 மைக்ரோகிராம். 100-க்கும் இசையாதவருக்குப் பம்ப் பொருத்துவதில்லை. இது ஏற்கப்பட்ட சிகிச்சையின் ஒரு படியே தவிர ஆராய்ச்சி அன்று. ஆகவே மருத்துவ ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களுக்குரிய இசட்00.6 என்ற குறியீடு இங்கே வராது.

செயல்முறைக்கான, அதாவது மருத்துவர் செய்ததைக் குறிக்கும், சி.பி.டி. குறியீடு, உருவக் கருவியின் துணையின்றிச் செய்திருந்தால் 62322, ஃப்ளூரோஸ்கோப்பி எனும் நேரடி எக்ஸ்ரேயோ சி.டி.யோ கொண்டு வழிகாட்டப்பட்டிருந்தால் 62323. 2017 முதல் இந்த வரிசை நடப்பில் இருக்கிறது. வழிகாட்டல் 62323-க்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஃப்ளூரோஸ்கோப்பி வழிகாட்டலுக்குரிய 77003-ஐத் தனியாகச் சேர்க்கக் கூடாது. ஊசிக்குப் பதில் சிறு குழாயை உள்ளே விட்டுவைத்துத் தொடர்ச்சியாகவோ இடைவெளி விட்டோ மருந்து ஏற்றியிருந்தால் 62326, 62327 என்று அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். 62322-க்கும் 62323-க்கும் குளோபல் காலம் (செயல்முறையின் கட்டணத்துக்குள் அடங்கும் பின்கவனிப்பு நாட்கள்) பூஜ்ய நாள் என்பதால், அடுத்த நாள் போடும் ஊசி தனி நாளின் தனிச் செயல்முறையாகவே பில் செய்யப்படும். அதே நாளில் மருத்துவர் செய்யும் வழக்கமான பரிசோதனையும் ஊசிக்குப் பிந்திய கண்காணிப்பும் ஊசியின் கட்டணத்துக்குள் அடங்கியவை. வேறொரு பிரச்சினையைத் தனியாக ஆராய்ந்து எழுதியிருந்தாலொழிய 25 மாடிஃபயரை (அதே நாள் பரிசோதனையைத் தனியாகப் பில் செய்யச் சேர்க்கும் துணைக் குறியீடு) தொட வேண்டாம் என்று என் குழுவில் சொல்லியிருக்கிறேன்.

ஆடிட்டில் நான் அதிகம் திருத்துவது மருந்தின் வரியைத்தான். மருந்துகளுக்கும் பொருள்களுக்கும் குறியீடு தரும் ஹிக்பிக்ஸ் பட்டியலில் பேக்லோஃபெனுக்கு இரண்டு ஜே குறியீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜே0475-இன் ஒரு யூனிட் 10 மில்லிகிராம். அது பம்பை நிரப்பும்போது பயன்படுவது. ஜே0476-இன் ஒரு யூனிட் 50 மைக்ரோகிராம். சோதனை ஊசிக்கென்றே உள்ளது. அவசரத்தில் முதலில் கண்ணில் படும் ஜே0475-ஐ எடுத்து ஒரு யூனிட் என்று போட்டுவிட்டால், நோயாளியின் முதுகில் ஏற்றியதைப் போல் 200 மடங்கு மருந்துக்குப் பணம் கேட்டதாகிவிடும். அது வெறும் டினையலோடு, அதாவது பணம் தர மறுப்பதோடு, நிற்கும் தவறு இல்லை. பின்னால் தணிக்கையில் பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிய தவறு.

யூனிட் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். சோதனைக்கான ஆம்பியூல் ஒன்றில் 50 மைக்ரோகிராம் இருக்கும். முதல் நாள் முழு ஆம்பியூலும் செலவானால் ஒரு யூனிட், வீணானது எதுவும் இல்லை என்பதைக் காட்டும் ஜே.இசட். மாடிஃபயருடன். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2023 ஜூலை முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டாம் நாள் 75 ஏற்றினால் இரண்டு ஆம்பியூல் உடைக்கப்படும், 25 வீணாகும். 75 என்பது ஒன்றரை யூனிட் ஆனதால் அது மேல்நோக்கி இரண்டு யூனிட்டாக முழுமையாக்கப்படுகிறது. வீணான 25 அந்த இரண்டாம் யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதை, வீணானதைக் காட்டும் ஜே.டபிள்யூ. மாடிஃபயர் போட்டு இன்னொரு வரியில் கேட்டால் ஒரே மருந்துக்கு இருமுறை கேட்டதாகும். மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஊசி போடப்பட்டிருந்தால் மருந்தை மருத்துவமனையே பில் செய்யும் என்பதும், மருத்துவரின் கிளெய்மில் ஜே குறியீடு வரக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நோய்க் குறியீட்டில், கடுமையான ஸ்பாஸ்டிசிட்டி என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தசைப் பிடிப்புக்குரிய பொதுக் குறியீட்டில் போய் நிற்பது பயனில்லாத வேலை. அதன் பின்னால் இருக்கும் நோயைத் தேட வேண்டும். பெருமூளை வாதத்தில் நான்கு கைகால்களும் பாதிக்கப்பட்டிருந்தால் ஜி80.0, முக்கியமாகக் கால்கள் என்றால் ஜி80.1. பக்கவாதத்தின் பின்விளைவென்றால் ஐ69 வரிசை; அதில் எந்தப் பக்கம், அது பழக்கக் கைப் (நோயாளி வழக்கமாகப் பயன்படுத்தும் கையின்) பக்கமா என்பதும் வேண்டும். பழக்கக் கை எதுவென்று எழுதப்படவில்லை என்றால், வலப்பக்கப் பாதிப்பைப் பழக்கக் கைப் பக்கமாகவும் இடப்பக்கப் பாதிப்பை மற்றதாகவும் கொள்ள விதி இடமளிக்கிறது. நோயை மட்டும் நாமாக ஊகிக்க எந்த விதியும் இடமளிக்கவில்லை.

ஆனாலும் இந்தச் சார்ட்டின் உயிர் குறியீடுகளில் இல்லை, அவற்றுக்கு ஆதாரமாக எழுதப்பட்ட வரிகளில் இருக்கிறது. மெடிகேரின் தேசியக் கொள்கை 280.14 பம்புக்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. மாத்திரை போன்ற எளிய வழிகளைக் குறைந்தது 6 வாரம் முயன்று, அவை இறுக்கத்தைக் கட்டுப்படுத்தவில்லை அல்லது தாங்க முடியாத பக்கவிளைவு தந்தன என்பது தெரிய வேண்டும். சோதனை ஊசிக்கு நோயாளி நல்ல பலன் காட்டியிருக்க வேண்டும். இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பலனை அளக்கப் பெரும்பாலும் இறுக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தரும் ஆஷ்வொர்த் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்று: ஊசிக்கு முன் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தனித்தனியாக இருக்கும், ஊசிக்குப் பின், நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார் என்ற ஒரே வரிதான் இருக்கும். அது பாதுகாப்பைச் சொல்கிறதே தவிரப் பலனைச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் தரப்பில் படிப்பவர் அந்த வரியில்தான் கைவைப்பார்.

அப்படிப்பட்ட இடத்தில் முதலில் ஃபிசியோதெரபிஸ்டின் குறிப்பையும் நர்ஸின் நேரவாரிக் குறிப்பையும் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஏற்றிய மருந்தின் உச்ச விளைவு ஏறக்குறைய 4 மணி நேரத்தில் தெரியும் என்பதால், பிற்பகல் பதிவுகளில் மதிப்பெண் கிடைப்பது உண்டு. அங்கும் இல்லையென்றால் மருத்துவருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்ப வேண்டும். இறுக்கம் குறைந்ததா என்று கேட்டால் அது விடையை ஊட்டும் கேள்வி. ஊசிக்குப் பின் செய்த மதிப்பீட்டின் முடிவைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்பதே முறை. ஃப்ளூரோஸ்கோப்பி பயன்பட்டதா என்ற ஐயத்துக்கும் இதே நடைமுறைதான். குவெரி எழுதினால் அன்றைய டார்கெட் குறையும் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சார்ட்டுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள் என்று டீம் லீடுகளிடம் நான் வெளிப்படையாகவே கேட்டு வாங்கியிருக்கிறேன், ஏனென்றால் சில வாரங்கள் கழித்துக் குழாய்க்கு 62350, பம்புக்கு 62362 என்று அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்கும்போது, மருத்துவமனை இணைத்து அனுப்பப்போவது இந்தச் சோதனை நாட்களின் குறிப்பைத்தான்.

புதியவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள், முதல் நாள் ஊசியைக் கோடிங் செய்து மூடுவதற்கு முன் அடுத்த நாட்களின் பதிவு வந்துவிட்டதா என்று அந்த நோயாளியின் கணக்கில் பார்த்துவிடுங்கள் என்பது. வெவ்வேறு நாட்களின் சார்ட்டுகள் வெவ்வேறு கோடர்களிடம் போய், ஒருவர் ஜி80.0 என்றும் இன்னொருவர் ஜி80.1 என்றும் எழுதி, அதனாலேயே முன்அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரின் குறிப்பில் நான்கு கைகால்களும் என்று தெளிவாகவே இருந்தது.