மூச்சு வாங்குகிறவர்களை உட்கார்த்தியே வைக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் சிலருக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது. சிகரெட், சுருட்டு, விறகடுப்புப் புகை எல்லாம் நுரையீரலை அரித்துவிடும்.

வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "நீங்க உட்காருங்க தாத்தா, நான் எடுத்துத் தர்றேன்." பாசம்தான், புரிகிறது. ஆனால் மூச்சு வாங்குமே என்று நடக்காமலே இருந்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தால் அஞ்சடி வரை வந்தாலே இன்னும் மூச்சு வாங்கும். அப்புறம் கோயில் திருவிழா இல்லை, கல்யாண வீடு இல்லை. நாற்காலியும் மூச்சு மருந்து பம்ப்பும்தான் வாழ்க்கை. இதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

தானாக எடை குறைவது, தீராத களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் மருத்துவத்தில் அதை உடல் நலிவு என்கிறார்கள். 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

லண்டனில் 816 சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நலிந்திருந்தார். அவர்களில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை (நுரையீரல் நோயாளிகளுக்கென்று கண்காணிப்போடு தரும் உடற்பயிற்சியும் ஆலோசனையும்) முடித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் நலிவு நிலையிலிருந்தே வெளியே வந்துவிட்டார்கள்! இந்தப் பயிற்சியால் நுரையீரல் புதிதாகிவிடாது, தசைதான் தேறும். அதுவே போதும், தானாகக் குளிக்க, கடைக்குப் போக.

நலிந்தவர்கள்தான் பயிற்சியைப் பாதியில் விடுவதும் அதிகம். ஆகவே கூட்டிப்போக வீட்டில் ஒருவர் வேண்டும். அடுத்த முறை கிளினிக் போகும்போது, இந்தப் பயிற்சிக்கு எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஈப்போ வரை போகச் சொன்னாலும் சரி, கூட்டிப் போங்கள்.