மொட்டை மாடியிலிருந்து வானத்தின் சூட்டை அளக்கலாம்

கத்திரி வந்துவிட்டால் வேலூரில் பேச்செல்லாம் பகல் வெயிலைப் பற்றித்தான். ஆனால் பசுங்குடில் வாயுக்கள் என்ன செய்கின்றன என்பது ராத்திரியில்தான் நன்றாகப் புரியும். சத்துவாச்சாரி மலைப்பாறையும் நம் மொட்டை மாடியும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே விடுகின்றன. காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தடுப்பதே இல்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற பசுங்குடில் வாயுக்கள்தான் அதை உறிஞ்சி எல்லாப் பக்கமும் திரும்ப விடுகின்றன. அதில் ஒரு பங்கு தரைக்கே வந்து சேர்கிறது.

இதை அளந்தே பார்க்கலாம். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும், அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூட்டைக் காட்டும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் போதும். மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். கொரோனா சமயத்தில் நெற்றியில் பிடித்த கருவி இதற்கு ஆகாது, உடம்புச் சூட்டுக்குக் கீழே அதற்கு எண் வராது. ஏசி அறையிலிருந்து கொண்டுவந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் தப்பாகக் காட்டும். மரக்கிளை, தண்ணீர்த் தொட்டி குறுக்கே வராமல் தலைக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்தால் கதிர் கடக்கும் காற்று அதிகமாகி எண் ஏறிவிடும்.

தை மாதத்துத் தெளிந்த ராத்திரியில் வானம் தரையைவிட 20 டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டும். தாழ்ந்த மேகம் மூடிய ராத்திரியில் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். மேகமும் நீராவியும் கீழே அனுப்பும் சூடுதான் அதற்குக் காரணம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளம் உள்ள கதிரைத்தான் பார்க்கும். கார்பன் டை ஆக்சைடு பலமாக உறிஞ்சுவது 15 மைக்ரானை ஒட்டி. அதனால் அதன் பங்கு இதில் சரியாகத் தெரியாது.

கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு; இன்று 420ஐத் தாண்டிவிட்டது. "உறிஞ்ச வேண்டியதை ஏற்கெனவே உறிஞ்சியாச்சே, இன்னும் சேர்ந்தால் என்ன?" என்ற கேள்வி அடிக்கடி வரும். நல்ல கேள்விதான். வாயு அடர்த்தியாக ஆக, விண்வெளிக்குச் சூடு தப்பிக்கும் மட்டம் உயரே போகிறது. அங்கே காற்று குளிர்ந்தது, குறைவாகத்தான் கதிர் விடும். வந்த வெயிலுக்கும் போகும் சூட்டுக்கும் கணக்கு நேராகும் வரை தரை சூடேறியே ஆக வேண்டும். அப்படி ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த நீராவியும் தன் பங்குக்குச் சூட்டைப் பிடித்து வைக்கிறது.