விலைவாசி ஏறினால் பழி யார் மேல்? தேர்வுக்குப் படித்த அனுபவம்

முதுகலை அரசியல் அறிவியலில் தேர்தல் நடத்தை பற்றிய தாளுக்கு முன்பு ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். விலைவாசி உயரும்போது வாக்காளர்கள் யாரைப் பொறுப்பாளியாக்குகிறார்கள் என்பது கேள்வி. நான்கு பக்கம் எழுதினேன். விலை ஏறும், மக்களுக்குக் கோபம் வரும், ஆளும் கட்சி தோற்கும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 20க்கு 7 வந்தது. "கோபம் சரி, அது பழியாக மாறும் வழி எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அடுத்த நான்கு மாதமும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் படித்தேன். இதே பகுதியை இப்போது படிப்பவர்களுக்கு அது உதவும் என்று நம்புகிறேன்.

கோட்பாடுகளை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரே ஒரு தேர்தலை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1980 அமெரிக்க அதிபர் தேர்தல். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 13.5 சதவீதம். 1979 ஈரான் புரட்சிக்குப் பிறகு எண்ணெய் விலை எகிறியது அதற்கு ஒரு பெரிய காரணம். அது அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கையில் இல்லாத விஷயம். அவர் கையில் இருந்ததைச் செய்யவும் செய்தார். பணவீக்கத்தை அடக்குவதில் உறுதியாக இருந்த பால் வோல்க்கரை 1979இல் மைய வங்கியின் தலைவராக்கினார். வட்டி ஏறியது, 1980இன் முதல் பாதியில் பொருளாதாரம் சுருங்கியது, தேர்தல் வந்துவிட்டது. கடைசி விவாதத்தில், கார்ட்டரை எதிர்த்துப் போட்டியிட்ட ரொனால்ட் ரீகன் மக்களைப் பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்தேன். காரணம் என்ன, யார் செய்தது என்று அது கேட்கவே இல்லை. இன்றைய நிலையையும் நாற்காலியில் இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது, மீதியை வாக்காளரே முடித்துக்கொள்கிறார். கார்ட்டர் ஆறு மாநிலங்களில் மட்டுமே வென்றார்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வோல்க்கரின் மருந்து வேலை செய்தது. 1983இல் பணவீக்கம் சுமார் 3 சதவீதமாக இறங்கியது. 1984இல் ரீகன் 49 மாநிலங்களில் வென்றார். மருந்து கொடுக்க ஆள் வைத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார், குணமான நேரத்தில் பதவியில் இருந்தவருக்குப் பெயர் கிடைத்தது. பழி போகும் அதே பாதையில்தான் பாராட்டும் போகிறது. விடையில் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், எல்லோரும் தவறு செய்யும் ஓர் இடம். மனிதர்கள் தங்கள் பணப்பையைப் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்று எழுதிவிடுவோம். டொனால்ட் கிண்டர், ரோடரிக் கீவியட் என்ற அரசியல் அறிஞர்கள் இருவரும் 1981இல் காட்டியது வேறு. சொந்த வரவு செலவைவிட, நாட்டுப் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற மதிப்பீடே வாக்கோடு அதிகம் ஒட்டிப்போகிறது. பணவீக்கத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். வேலை போனால் பலர் அதைத் தங்கள் நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். விலை ஏற்றமோ எல்லோரையும் ஒரே நேரத்தில் தொடுவதால், நாட்டை நடத்துபவர் மேல் கண் போகிறது. பொருளாதார அறிஞர் ஸ்டெஃபனி ஸ்டான்ச்சேவா 2024இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சம்பளம் உயர்ந்தால் அது தன் உழைப்புக்குக் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பணவீக்கத்தோடு சேர்ந்து சம்பளமும் ஏறியிருந்தால்கூட, அரசின் கணக்கில் விலை மட்டுமே நிற்கும்.

மதிப்பெண் குவியும் இடம் பொறுப்புத் தெளிவு, அதாவது யார் பொறுப்பு என்பது வாக்காளருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது. பிங்காம் பவல், கய் விட்டன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 1993இல் 19 நாடுகளின் தேர்தல்களை வைத்துச் சொன்னது இது. ஒரே கட்சி ஆண்டு, அதன் உறுப்பினர்கள் கட்டுப்பாட்டோடு நின்று, சட்டமன்றமும் அதன் கையில் இருந்தால் பழி நேராக அங்கே போய் விழும். கூட்டணி ஆட்சி, எதிர்க்கட்சி கையில் மேலவை என்று அதிகாரம் பிரிந்து கிடந்தால் பழியும் சிதறும். இதோடு மைய வங்கியையும் சேர்த்து யோசியுங்கள். வட்டியைத் தீர்மானிப்பவர் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. கோபப்படும் வாக்காளருக்கு அடிக்கக் கிடைப்பது அமைச்சர்கள்தான்.

கட்சிப் பற்றைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். தன் கட்சி ஆண்டால் உலகச் சந்தை காரணம், மாற்றுக் கட்சி ஆண்டால் அரசு காரணம். அமெரிக்காவில் 2016, 2020 தேர்தல்களுக்குப் பிறகு, பொருளாதாரம் மாறுவதற்கு முன்பே அதைப் பற்றிய கருத்து கட்சிவாரியாக இடம் மாறியது. ஆகவே பொருளாதார மதிப்பீடு வாக்கை உண்டாக்குகிறதா, வாக்கு மதிப்பீட்டை உண்டாக்குகிறதா என்ற சந்தேகத்தை ஒரு பத்தியிலாவது எழுப்புங்கள்.

அண்மைய உதாரணம் கேட்டால் 2024 இருக்கிறது. பணவீக்கம் 2022 அக்டோபரில் பிரிட்டனில் 11.1 சதவீதத்தையும், அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் 9.1 சதவீதத்தையும் தொட்டது. 2024 தேர்தல்களின்போது இரண்டு நாட்டிலும் 3 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. இரண்டிலும் ஆளும் கட்சி தோற்றது. வீதம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறையும், ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். பொருளாதார நிபுணர் வேகத்தைப் பார்க்கிறார், வாக்காளர் விலையைப் பார்க்கிறார். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லத் தெரிந்தாலே விடை தனியாகத் தெரியும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே ஆண்டு மெக்சிகோவிலும் விலை ஏற்றத்தின் சுவடு இருந்தது, ஆனால் ஆளும் கட்சியின் கிளாடியா ஷெயின்பாம் பெரிய வித்தியாசத்தில் வென்றார். குறைந்தபட்ச ஊதியத்தை அந்த அரசு தொடர்ந்து உயர்த்தி, அதைத் தன் செயல் என்று சொல்லியும் வந்தது. சம்பள உயர்வு அரசின் பெயரில் பதிவான அரிய இடம் அது. முதன்மைத் தேர்வில் இந்த எதிர் உதாரணத்தை எழுதிவிட்டு, மேலே சொன்ன ஸ்டான்ச்சேவாவின் முடிவோடு அதை ஒப்பிட்டேன். அந்தத் தாளில் 71 வாங்கினேன்.