ஐ-95 ஓரத்துல ஒரு ராத்திரி

நியூஜெர்சி எடிசன்ல இருந்து ஃப்ளோரிடாவுல இருக்குற ஆர்லாண்டோ ஆயிரம் மைலுக்கு மேல. டிசம்பர் லீவுக்கு ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பாத்ததுமே கார்லயே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். நம்ம ஊரு கடைங்க இருக்குற ஓக் ட்ரீ ரோட்ல மிக்சரும் முறுக்கும் வாங்கி, புளியோதரை கட்டி, ரைஸ் குக்கரையும் டிக்கியில போட்டு கிளம்பியாச்சு. ஐ-95ங்கற ஹைவேயைப் புடிச்சா அப்படியே தெக்க ஒரே ரோடு, ஆனா வெர்ஜீனியா தாண்டுறதுக்குள்ளயே இடுப்பு போயிடும். நார்த் கரோலினாவுல ஏதோ பெட்ரோ பெட்ரோன்னு மைல் கணக்கா விளம்பர போர்டு வந்துக்கிட்டே இருக்கும், பொண்ணு அதை எண்ணிக்கிட்டே வந்தா, ஸ்டேட் பார்டர் தாண்டுன உடனே பெரிய சொம்பரேரோ, அதான் அந்த மெக்சிகோ தொப்பி, வச்ச டவர் ஒண்ணு, ரோட்டோரம் டூரிஸ்ட்டுகளை இழுக்குற ஒரு இடத்துக்குத்தான் அத்தனை போர்டும், அவ்ளோதான் விஷயம்.

ராத்திரி தங்க சவுத் கரோலினாவுல ஃப்ளோரன்ஸ் பக்கம் ஒரு மோட்டல், அதாவது ரோட்டோர லாட்ஜ், புக் பண்ணிருந்தோம். வரி சேக்காம 54 டாலர், போட்டோவுல நீச்சல்குளம் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. போய் எறங்குனா குளத்து மேல பச்சை தார்பாய். சரி, குளிர்காலம், அதைக் குறை சொல்ல முடியாது.

ரிசப்ஷன்ல ஒரு குஜராத்தி ஆன்ட்டி. இந்த நாட்டு மோட்டல்கள்ல பெரும்பங்கு அவங்க ஆளுங்க கையிலதான், 1989லயே அட்லாண்டாவுல ஓனர்களுக்குன்னு சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. கவுன்டருக்குப் பின்னாடி கதவு லேசா தொறந்திருந்துச்சு, உள்ள கடுகு தாளிக்கிற வாசனை, பிரஷர் குக்கர் விசில் வேற. குடும்பமே அங்கதான் குடியிருக்கு போல. பரவால்ல, நம்ம ஊரு மனுஷங்கன்னு ஒரு தெம்பு வந்துச்சு. ஆன்ட்டி ஹிந்தியில ஆரம்பிச்சாங்க, நான் பேந்தப் பேந்த முழிச்சேன், அப்புறம் இங்கிலீஷ்லயே டெபாசிட் 100 டாலர்னாங்க.

இங்கதான் அமெரிக்காவுக்குப் புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது. கிரெடிட் கார்டா இருந்தா அந்த 100 டாலர் லிமிட்ல மட்டும் கொறையும், அப்புறம் தானா வந்துரும். எங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரியே, அதாவது இந்த நாட்டுல கடன் வாங்கிக் கட்டுன பதிவே, கிடையாது, டெபிட் கார்டுதான், அதனால அக்கவுன்ட்ல இருக்குற சொந்தக் காசையே புடிச்சு வச்சிடுவாங்க, ஃப்ளோரிடாவுல செலவுக்கு வச்சிருந்த காசு அது. வந்த உடனே பேங்க்ல கொஞ்சம் பணத்தை ஈடாக் கட்டி செக்யூர்டு கார்டுன்னு ஒரு கிரெடிட் கார்டு வாங்கிடுங்கன்னு நான் இப்ப பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்.

ரூம் கதவைத் தொறந்ததும் சிகரெட் நாத்தம். கதவுல நோ ஸ்மோக்கிங் ஸ்டிக்கர், கட்டில் விரிப்புல பொட்டுப் பொட்டா சுட்ட ஓட்டை. வீட்டுக்காரம்மா பெட்டியெல்லாம் தூக்கி பாத்டப்புக்குள்ள வச்சுட்டு, மொபைல் டார்ச் அடிச்சு மெத்தையைத் தூக்கி தையல் ஓரமா ஓட்டிப் பாத்தாங்க. நல்லவேளை மூட்டைப்பூச்சி இல்ல. ஆனா தலகாணியில யாரோட முடியோ நீளமா ஒண்ணு சுருண்டு கெடந்துச்சு, அதைப் பாத்துட்டு பொண்ணு கட்டில்ல ஏறவே மாட்டேன்னுட்டா.

திரும்பப் போய் வேற ரூம் கேட்டா லீவு சீசன், ஃபுல்லுன்னாங்க. காசைத் திருப்பிக் குடுங்கன்னா, நீங்க ஆன்லைன்ல வேற சைட்டு மூலமா புக் பண்ணிருக்கீங்க, அவங்ககிட்ட கேளுங்க. அந்த சைட்டுக்குப் போன் போட்டா பாட்டு ஓடிக்கிட்டே இருந்து கடைசியில ஒரு ஆளு வந்து, மோட்டல் சம்மதிச்சாதான் ரீஃபண்டுன்னான். ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாதான் பேசுனாங்க, காசு மட்டும் வரல. ஆன்ட்டி மேல முழுசா கோவப்படவும் முடியல, அந்த நேரத்துக்கும் தனியா நின்னு சாவி குடுத்துக்கிட்டு இருந்தாங்க, கேட்டதும் பொட்டலம் பிரிக்காத ரெண்டு பெட்ஷீட் எடுத்துக் குடுத்தாங்க. ஆனா அந்த ரூமை அந்த நிலைமையில வாடகைக்கு விட்டது அநியாயம்தான், அதுல சந்தேகமே இல்ல.

ஜன்னலுக்குக் கீழ இருக்குற ஹீட்டரைப் போட்டா மாவு மில்லு மாதிரி சத்தம், தூசி கருகுற வாடை, நிறுத்துனா அஞ்சு நிமிஷத்துல வெடவெடன்னு குளிரு. வெளிய பார்க்கிங்ல ஒரு லாரிக்காரர் எஞ்சினை நிறுத்தாமயே தூங்குறாரு. நான் ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு புளியோதரையைத் தின்னுட்டு உக்காந்தே விடிய வச்சேன். காலையில ஃப்ரீ பிரேக்பாஸ்ட்டுன்னு கலர் கலரா சீரியலும் ஒரு வாஃபிள் மெஷினும், பொண்ணு மட்டும் மாவை ஊத்தி ஊத்தித் திருப்பி செம குஷி.

டெபாசிட் காசு அக்கவுன்ட்டுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள ஊர் சுத்துறதே முடிஞ்சு போச்சு. திரும்பி வரும்போது வீட்டுக்காரம்மா மோட்டல்ங்கற பேச்சையே எடுக்க விடல. நார்த் கரோலினாவுல ராலே பக்கம் மாரிஸ்வில்லுல காலேஜ் ஜூனியர் ஒருத்தன் இருக்கான், ஐ-95ஐ விட்டு உள்ள போகணும், பேசியே வருஷக்கணக்காச்சு, கூச்சத்தை விட்டுட்டு போன் பண்ணுனேன். "அண்ணே, எவ்ளோ லேட்டானாலும் நேரா வீட்டுக்கு வந்துருங்க, இட்லி மாவு இருக்கு"ன்னான்.