சீனியர் எம்.எல்.ஏ. ஆன பிறகு 143 கட்டுகள்

2021 மே 11 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் எங்கள் வக்கீல் ஆபீஸ் சீனியர் சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். கொரோனா காலம் என்பதால் கோட்டையில் இல்லாமல் அங்கேதான் பேரவை கூடியது. நான் டிவியில் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து போன்: "அம்மா, ஆபீஸ் கேஸ் கட்டையெல்லாம் இறக்கி எண்ணி வை. யார் யாருக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு பார்ப்போம்."

நானும் குமாஸ்தா அண்ணனும் எண்ணினோம். நடப்பில் இருந்தவை மட்டும் 143.

எம்.எல்.ஏ. ஆனால் வக்கீல் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் வாங்கினாலும் அது முழுநேர ஊழியர் வேலை ஆகாது, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்கிற பார் கவுன்சிலின் 49-ஆம் விதி அவரைத் தடுக்காது என்று 2018 செப்டம்பர் 25-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீனியர் விரும்பியிருந்தால் ஒரு கட்டைக்கூடக் கைமாற்றாமல் இருந்திருக்கலாம். பின் ஏன் கொடுக்கச் சொன்னார் என்பது எனக்கு ஒரு வாரத்தில் புரிந்தது.

எங்கள் தொழிலில் கட்சிக்காரர் என்றால் வழக்கைக் கொடுத்தவர். அரசியலில் வேறு அர்த்தம். அந்த வாரம் வந்த போன்களில் இரண்டும் கலந்துவிட்டன. ஏற்கெனவே வேறு வக்கீல் வைத்திருந்த ஐந்து பேர், வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில், சீனியர் பெயர் மட்டும் இருந்தால் போதும், அவர் வரக்கூட வேண்டாம் என்றார்கள். பதினோரு வருடமாகப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் ஒரு வயதான அம்மா கேட்டார்: "ஐயா எம்மெல்லே ஆயிட்டாரு. இனிமே ஜட்ஜு நம்ம பக்கம்தானே, வக்கீலம்மா?" சூது எதுவும் இல்லாமல், சந்தோஷமாகத்தான் கேட்டார். சீனியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கட்டு முதல்ல போகணும்" என்றார்.

அரசை எதிர்த்த நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகளையும் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் தொகுதி வேலைக்காகக் கலெக்டரைப் பார்த்துவிட்டு, மதியம் அவருக்கு எதிராகவே நிற்க முடியாது என்பது அவர் கணக்கு. சாட்சி விசாரணை பாதியில் நின்ற நான்கு வழக்குகளை மட்டும் தானே முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். பேரவை இல்லாத நாளாகப் பார்த்து வாய்தா கேட்டு, முடித்தும் கொடுத்தார்.

கட்டைத் தூக்கிக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சிவில் வழக்கில் வக்காலத்து ஒருமுறை தாக்கலானால், கோர்ட் அனுமதியோடு எழுத்தில் விலகும் வரை அது உயிரோடு இருக்கும். புது வக்கீல் உள்ளே வர எங்கள் சம்மதமோ கோர்ட் அனுமதியோ வேண்டும். போதிய காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் பாதியில் விடக்கூடாது. செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். முதலாவது சிவில் நடைமுறைச் சட்டம், மற்றவை பார் கவுன்சில் விதி. ஆகவே ஒவ்வொருவருக்கும் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். எந்த வக்கீலிடம் போவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

பாக்கிதான் பெரிய சங்கடம். குமாஸ்தா அண்ணன் தனி நோட்டு வைத்திருந்தார். அதில் பல வருடத்து ஃபீஸ் பாக்கி. ஃபீஸ் தரவில்லை என்று கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அண்ணன் அந்த நோட்டை மூடி பீரோவில் வைத்தார். அதன் பிறகு ஒருவரிடமும் பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு வழக்கில் சம்மதம் எழுதிக் கொடுத்ததும் நம் டைரியில் பெயரை அடித்துவிட்டேன். புது வக்காலத்து தாக்கலாவதற்குள் வாய்தா வந்துவிட்டது. கோர்ட்டில் கூப்பிட்டபோது யாரும் இல்லை, எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, அதாவது நம் தரப்பு ஆஜராகவில்லை என்று உத்தரவாகிவிட்டது. உத்தரவை நீக்கக் கேட்டு மனுப் போட்டு, வெளிறிய முகத்தோடு நின்ற அந்தக் கட்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதே வேலையைச் செய்யப்போகிற ஜூனியர்களுக்குச் சொல்கிறேன்: புது வக்காலத்து பதிவானதைக் கண்ணால் பார்க்கும் வரை பெயரை அடிக்காதீர்கள், வாய்தாவுக்குப் போய் நில்லுங்கள்.

முதலில் போக வேண்டும் என்று சீனியர் சொன்ன கட்டு செப்டம்பரில்தான் போனது. அந்த அம்மாவுக்கு வேறு வக்கீலிடம் போக மனமே இல்லை. மூன்று முறை வரச் சொல்லி, வழக்கு அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் மாறுகிறார் என்று எடுத்துச் சொன்னேன். கடைசியில் எதிர்த்தெருவில் இருக்கும் ஒரு பெண் வக்கீலை அவரே பார்த்துப் பேசிவிட்டு வந்தார். கைநாட்டு வைத்தார். தாத்தா காலத்துப் பத்திரத்தை பிளாஸ்டிக் கவரோடு மஞ்சப்பைக்குள் வைத்து, இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பினார்.

"ஐயாகிட்ட ஒண்ணு சொல்லும்மா. மழை பேஞ்சா எங்க ஊருக்குள்ள பஸ்ஸு வரமாட்டேங்குது. அந்த ரோட்டப் போட்டுக் குடுக்கச் சொல்லு."

ஊர்ப் பெயரைக் கேட்டு, தொகுதி மனுக்களுக்கென்று தனியாகப் போட்டிருந்த நோட்டில் எழுதிக்கொண்டேன்.