வியாழக்கிழமை மூன்றரை மணி

19 ஜூன் 2025, வியாழன், மாட்டுங்கா, மும்பை

இன்று வீட்டிலிருந்தபடி அலுவலக வேலை பார்த்த மகன், பிற்பகல் மூன்றரை மணிக்கு அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை படிந்து ஆறிப்போயிற்று. நிஃப்டி என்ற பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டி ஊகிக்கும் ஒப்பந்தங்களான வாராந்தர ஆப்ஷன்கள் இப்போதைக்கு வியாழனன்று அந்த நேரத்தில்தான் காலாவதியாகின்றன என்பது, பங்குச் சந்தையைவிட்டு ஒதுங்கி முப்பது ஆண்டுகளான எனக்கும் தெரியும். அந்த நிற்பும் எனக்குத் தெரியும். 1992 ஏப்ரலில் நானும் சோறு தண்ணீர் மறந்து இப்படித்தான் நின்றேன்.

27 ஜூன், வெள்ளி

மகனின் கடனுக்கான மாதத் தவணை, கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டதாக வங்கிக் கடிதம் வந்தது. இரவு கேட்டேன், அவன் மறைக்கவில்லை. தனிநபர் கடனாக மூன்று லட்சம், அது போதாமல் ஒரு கடன் செயலியில் எண்பதாயிரம். இரண்டையும் ஆப்ஷன் பிரீமியத்தில், அதாவது ஆப்ஷனை வாங்கக் கட்டும் விலையில், இழந்திருக்கிறான். “இன்னும் ரெண்டு எக்ஸ்பைரி சரியாப் போனா எல்லாத்தையும் எடுத்துடுவேன்ப்பா” என்றான். வாங்கிய ஆப்ஷன் காலாவதி நாளில் பயனற்றுப் போனால் கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும், காத்திருந்து மீட்பதற்குக் கையில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். எங்கள் காலத்தில் நாங்கள் சொன்ன வாக்கியம், “அடுத்த செட்டில்மென்ட்டில், அதாவது கணக்கு முடிப்பில், எடுத்துவிடலாம்” என்பது.

29 ஜூன், ஞாயிறு

மாலையில் மழை விட்டிருந்தது. மகனை ஃபைவ் கார்டன்ஸுக்கு அழைத்துப்போய், முப்பத்துமூன்று ஆண்டுகளாக யாரிடமும் பேசாததைப் பேசினேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. 1992 மார்ச் 30 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் முதன்முறையாக 4000ஐத் தாண்டியது. டீக்கடையில் நின்றாலும் ரயிலில் ஏறினாலும் பெரும் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவைப் பற்றிய பேச்சுத்தான். அந்த வாரம் அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியைப் பீரோவிலிருந்து எடுத்து அடகுக் கடையில் வைத்து, பத்லாவில் சிமென்ட் பங்குகள் வாங்கினேன். முழு விலையையும் கட்டாமல், வட்டியை மட்டும் கொடுத்து ஒரு கணக்கு முடிப்பிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே போக இடம்கொடுத்த முறை அது. 2001இல்தான் அதை ஒழித்தார்கள். கையில் இல்லாத பணத்தில் வாங்கியிருந்ததால், விலை இறங்கியபோது பொறுத்திருக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஏப்ரல் 23 அன்று ஹர்ஷத் மேத்தாவின் வங்கிப் பத்திர ஊழல் நாளிதழில் வெளியானது. 28ஆம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 570 புள்ளிகள், அதாவது 12.77 விழுக்காடு, சரிந்தது.

அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. தம்முடைய வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துச் சங்கிலியை மீட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்றே இத்தனை காலமும் போற்றிவந்திருக்கிறேன். ஆனால் சங்கிலி திரும்பி வந்த வேகத்தில் எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. 1994, 95இல் புதுப்புது நிறுவனங்கள் பங்கு வெளியிட்டுக் குவித்தபோது மறுபடியும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பினேன். நான் பணம் கட்டியவற்றில் இரண்டு, முகவரியே இல்லாமல் மறைந்துபோயின. இந்த இரண்டாவது தவற்றைச் சொல்வதுதான் முதலாவதைச் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது.

மகன் தலை நிமிராமல் கேட்டான்: “முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?” வெட்கம்தான் காரணம் என்றேன். அவனுக்கு விவரம் தெரிந்த நாள்முதல் ‘ஷேர் பக்கம் போகாதே’ என்ற உத்தரவை மட்டுமே கொடுத்துவந்திருக்கிறேன். காரணம் சொல்லப்படாத அந்த உத்தரவை, மாதச் சம்பளக்காரனின் கோழைத்தனம் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்காக அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

2024-25ஆம் நிதியாண்டில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் ஏறத்தாழ 91 விழுக்காட்டினருக்கு நட்டம் என்றும், மொத்த நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய் என்றும் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி நேற்று வெளியிட்ட ஆய்வு இன்றைய நாளிதழில் வந்திருக்கிறது. மகனிடம் காட்டினேன். “ஒவ்வொருத்தனும் மீதி ஒன்பது பேர்ல தான் ஒருத்தன்னு நினைச்சுத்தாம்ப்பா உள்ள வர்றான்” என்றான்.

வைப்புத் தொகையை உடைத்து முழுக் கடனையும் இன்றே அடைத்துவிட வேண்டும் என்கிறாள் மனைவி. வட்டி ஏறிக்கொண்டே போகும் செயலிக் கடனை நான் அடைக்கிறேன், வங்கித் தவணைகளை அவனே தன் சம்பளத்திலிருந்து கட்டட்டும் என்றேன். “பிள்ளை சரியாச் சாப்பிட்டுப் பத்து நாளாச்சு, நீங்க கணக்குப் பாக்கறீங்க” என்றவள் மாலையிலிருந்து என்னோடு பேசவில்லை. 1992இல் நடந்ததை அவளும் இப்போதுதான் அறிகிறாள்; அந்த மனக்குறையும் இதில் சேர்ந்திருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் சொல்லாமல் வைத்திருந்ததற்கு என்னிடம் பதில் இல்லை.

10 ஜூலை, வியாழன்

செயலிக் கடன் அடைந்தது. மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. அவனைக் கூப்பிட எடுத்த அலைபேசியைத் திரும்ப வைத்துவிட்டேன். இரவு உணவுக்குப்பின் அவனாகவே வர்த்தகக் கணக்கைத் திறந்து எங்கள் இருவரிடமும் காட்டினான். இன்று எதையும் வாங்கவில்லை. ஆனால் பகல் முழுவதும் விலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், இரண்டு முறை வாங்கக் கை போனதாகவும் சொன்னான். அவன் அம்மா எதுவும் சொல்லாமல் அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். வங்கியில் இன்னும் முப்பத்தொரு தவணைகள் இருக்கின்றன. அடுத்தது ஆகஸ்ட் 5.